கோயில் சுவரில் காமம்: கஜுராஹோவை இடம் பார்த்துப் படித்தல்

கோயிலில் எதற்குக் காமச் சிற்பம் என்ற கேள்வி, தேர்நிலை ஓரமாக வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடும். ஆண்டுக்கு ஒரு நாள் ஓடிவிட்டு மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் தேரின் அடித்தட்டில், பிள்ளைகளின் கண்மட்டத்திலேயே, அவற்றைச் செதுக்கிய மரப் பலகைகள் இருக்கும். நானும் பார்த்துவிட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "கண்ணு படாம இருக்கச் செஞ்சு வச்சது, வா இந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் சொன்னதில் உண்மை இருந்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த உண்மைக்கு அடியில் இன்னும் சில அடுக்குகள் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கோயிலில் எதற்கு இந்தச் சிற்பங்கள் என்று கேட்டால் நம்மிடம் வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும். ஒன்று, "ஆசையை எல்லாம் வெளியே விட்டுவிட்டு உள்ளே போ என்று சொல்லத்தான்" என்பது. மற்றொன்று, "அந்தக் காலத்து ராஜாக்களின் களியாட்டம்" என்பது. முதலாவது எல்லாவற்றையும் தத்துவமாக்கிவிடுகிறது. இரண்டாவது எதையும் தத்துவமாக விடுவதில்லை. இரண்டிலும் ஒரே குறை இருக்கிறது. சிற்பம் கோயிலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இரண்டும் பார்ப்பதில்லை. வாசல்நிலையில் உள்ள இணைக்கும், மேடையின் அடிப்பட்டையில் உள்ள கூட்டத்துக்கும், கருவறையும் மண்டபமும் சேரும் சுவரில் உள்ள தழுவலுக்கும் பொருள் ஒன்றல்ல. இடம் மாறினால் பொருள் மாறும். இதைத் தெளிவாகப் பார்க்க கஜுராஹோவைவிட நல்ல இடம் கிடையாது.

கல்லில் எண்ணினால்

மத்தியப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் பகுதியில் உள்ள இந்த ஊர் 10, 11ஆம் நூற்றாண்டுகளில் சந்தேல மன்னர்களின் கோயில் நகரம். 85 கோயில்கள் இருந்ததாக ஊர் வழக்கு. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 25. யசோவர்மன் தொடங்கி அவன் மகன் தங்கன் காலத்தில் 954 வாக்கில் நிறைவு பெற்ற இலட்சுமணா கோயில் திருமாலுக்குரியது. விசுவநாதர் கோயில் தங்கனின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தது. வித்யாதரன் காலத்தில், 1030ஐ ஒட்டி எழுந்த கந்தாரிய மகாதேவர் கோயில் இவற்றில் பெரியது. அதன் உயரம் ஏறத்தாழ 31 மீட்டர். அந்தச் சிகரத்தைச் சுற்றிச் சின்னச் சிகரங்கள் ஒன்றன் தோளில் ஒன்றாக ஏறி நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால், கயிலாயத்தைக் கல்லில் எழுப்ப நினைத்தார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

1838இல் பர்ட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி பல்லக்கில் இங்கு வந்து சேர்ந்தார். செதுக்கு வேலையின் நேர்த்தியை வியந்து எழுதிய அவரே, சில சிற்பங்கள் தேவைக்கு மேல் 'சூடாக' இருப்பதாக முகம் சுளித்தும் எழுதினார். பல்லக்குத் தூக்கிகள் அவற்றை எல்லோருக்கும் சுட்டிக்காட்டி மகிழ்ந்ததாகவும் குறித்திருக்கிறார். கஜுராஹோ என்றால் இந்தச் சிற்பங்கள்தான் என்ற பேச்சு அந்தச் சுளிப்பிலிருந்தே வளர்ந்தது எனலாம். அவருக்குப் பின் வந்த தொல்லியலாளர் கன்னிங்ஹாம் கந்தாரிய கோயிலின் உருவங்களை எண்ணினார்: வெளியே 646, உள்ளே 226, மொத்தம் 872. இவற்றில் புணர்ச்சிக் காட்சிகள் மிகச் சிறிய பங்கு. மீதி எல்லாம் தேவர்கள், திசைக் காவலர்கள், நாகர்கள், யாளிகள், பெண்கள். கண்ணாடி பார்க்கும் பெண், மை தீட்டும் பெண், மடல் எழுதும் பெண், காலில் தைத்த முள்ளை எடுக்கும் பெண். எண்ணிக்கையைப் பார்த்தால் இது தெய்வங்களின் கோயில்; நம் கண் தேடிப் போவதால்தான் வேறு மாதிரித் தெரிகிறது.

'காமசூத்திரக் கோயில்' என்று சுற்றுலா விளம்பரங்கள் சூட்டிய பெயரும் அப்படித்தான் வந்தது. வாத்ஸ்யாயனர் நூல் நகரத்து நாகரிக வாழ்க்கைக்கு எழுதப்பட்டது. கோயில் கட்ட எழுதப்பட்டதல்ல. சிற்பிக்கு வேறு நூல்கள் இருந்தன, வேறு கணக்கு இருந்தது.

வாசலில் நிற்கும் இணை

ஆணும் பெண்ணுமாக நிற்கும் இணைக்கு வடமொழியில் மிதுனம் என்று பெயர். நாள்காட்டியில் மிதுன ராசி என்று தினமும் பார்க்கும் அதே சொல். இந்த உருவம் கஜுராஹோவில் பிறந்ததல்ல, சைவத்திலோ வைணவத்திலோ பிறந்ததும் அல்ல. மகாராஷ்டிரத்தின் கார்லே குகையில், ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் குடைந்த பௌத்த வழிபாட்டுக் கூடத்தின் முகப்பில், வாயிலை ஒட்டி ஆளுயர இணைகள் நிற்கின்றன. துறவிகள் வழிபட்ட இடத்தின் வாசலில்! சாஞ்சியின் தோரணத்தில் ஒரு யட்சி மரக்கிளையைப் பற்றித் தொங்குகிறாள். பெண்ணின் பாதம் பட்டால் அசோகு பூக்கும் என்பது பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் அவள் கல்லில் சொல்கிறாள். யட்சி என்ற சொல்தான் நம்மிடம் இயக்கியாகி, தென்மாவட்டங்களில் இசக்கியம்மனாகப் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கிறது. மரம், மழை, பிள்ளை, விளைச்சல் என்று வளம் தரும் எல்லாமே ஒரே சக்தியின் வேலை என்ற எண்ணம் எல்லாச் சமயங்களுக்கும் முன்பே இந்த மண்ணில் இருந்தது. சமயங்கள் அதை வாசலில் நிறுத்திக்கொண்டன.

6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை இதை விதியாகவே சொல்கிறது. கோயில் வாயில்நிலையை எவற்றால் அலங்கரிப்பது என்று அது தரும் பட்டியலில் மங்கலப் பறவைகள், ஸ்வஸ்திகம், நிறைகுடம், இலைக்கொடி, பூதகணங்கள் ஆகியவற்றோடு மிதுனமும் இருக்கிறது. நிறைகுடமும் மிதுனமும் ஒரே வரிசையில்! நாம் கல்யாண வீட்டு வாசலில் குலை தள்ளிய வாழையைக் கட்டுகிறோமே, அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. வாசலில் வளம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மிதுனமும் அந்த வேலையைத்தான் செய்தது.

பாட்டி சொன்ன 'கண்ணு படாம' என்பது இங்கே வந்து சேர்கிறது. மங்கலம் இருக்குமிடத்தில் அமங்கலம் அண்டாது என்பதன் மறுபக்கம்தான் திருஷ்டி கழித்தல். இடி விழாமல் காக்கும் என்று ஒடிசாவிலும் தமிழ்நாட்டிலும் இந்தச் சிற்பங்களைப் பற்றிச் சொல்வது உண்டு. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முன்னால் பூசணிக்காயும் பொம்மையும் தொங்கவிடும் நமக்கு இந்த வாதம் அந்நியமாகத் தோன்றாது.

கருவறை என்ற சொல்

அடுத்த அடுக்கு கட்டடத்துக்குள் இருக்கிறது. தமிழில் நாம் சொல்லிச் சொல்லிப் பழகியதால் கூர்மை மழுங்கிப்போன சொல் 'கருவறை'. கரு தங்கும் அறை. வடமொழியில் கர்ப்பகிருகம். இருட்டு, சிறிய இடம், ஒரே வாசல், நடுவில் ஒளி வேண்டிக் காத்திருக்கும் ஒன்று. கோயிலை உடம்பாகப் பார்க்கும் மரபில், வட இந்தியக் கோயிலின் வெளிச்சுவருக்கு ஜங்கா, அதாவது தொடை, என்று பெயர். நம் விமானத்திலும் பாதம், கழுத்து, தலை எல்லாம் உண்டு. இந்த உடம்பில் தெய்வம் கருவாக இருக்கிறது. நாம் உள்ளே போய் மீண்டும் பிறந்து வெளியே வருகிறோம். சிவன் கோயிலில் நாம் கும்பிடும் இலிங்கமும் ஆவுடையாரும் அந்தக் கருத்தின் வடிவம்தான். இத்தனையும் ஏற்றுக்கொண்ட ஒரு மரபு, சுவரில் ஓர் இணையைச் செதுக்கத் தயங்கியிருந்தால்தான் வியப்பு.

உபநிடதங்களில் பழையதான பிருகதாரண்யகத்தில் இதற்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று படைப்புக் கதை: தொடக்கத்தில் ஆன்மா தனியாக இருந்தது, தனிமையில் அதற்கு இன்பமில்லை, தழுவிக்கொண்டிருக்கும் ஆணும் பெண்ணும் அளவுக்குப் பெருகி, பிறகு இரண்டாகப் பிளந்தது. உலகம் ஒரு தழுவலின் பிரிவில் தொடங்குகிறது என்றால், அது முடியும் இடமும் தழுவலாகத்தானே இருக்க வேண்டும்? இரண்டாவது வேர் அதைத்தான் சொல்கிறது: அன்பு மனைவியின் தழுவலில் இருப்பவன் வெளியே என்ன, உள்ளே என்ன என்று அறியாதது போல, பரம்பொருளின் தழுவலில் இருக்கும் உயிரும் வெளியும் உள்ளும் அறியாது. வீடுபேற்றை விளக்க அந்த உபநிடத முனிவருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்கவில்லை. கஜுராஹோ சிற்பங்களை மோட்சத்தின் உருவகம் என்று படிக்கும் ஸ்டெல்லா கிராம்ரிஷ் போன்ற கலை வரலாற்றாளர்கள் இந்த வரியைத்தான் பற்றிக்கொள்கிறார்கள். சுவரில் உள்ள சில முகங்களைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றும். கண்கள் பாதி மூடி, உதட்டில் வேட்கையின் பதற்றம் இல்லாமல், பூசை முடிந்த ஓய்வில் இருப்பது போன்ற முகங்கள்.

சந்திச் சுவர்

இந்தப் பொதுக் கருத்துகள் எந்தக் கோயிலுக்கும் பொருந்தும். கஜுராஹோவின் தனித்தன்மை தெரிய வேண்டுமென்றால் கோயிலைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். கிழக்கே படியேறினால் முகமண்டபம், மண்டபம், மகாமண்டபம், இடைகழி, கருவறை என்று கோயில் மேற்கு நோக்கி நீண்டு போகிறது. மகாமண்டபத்தின் பருமனும் கருவறையின் பருமனும் சேரும் இடத்தில், வடக்கிலும் தெற்கிலும் ஒரு குறுகிய சுவர் இருக்கிறது. சிற்பிகள் அதைக் கபிலி என்பார்கள். இலட்சுமணா, விசுவநாதர், கந்தாரிய மகாதேவர் ஆகிய மூன்று பெரிய கோயில்களிலும் கண்ணை இழுக்கும் பெரிய புணர்ச்சிக் காட்சிகள் இந்தச் சுவரில்தான், வரிசை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கந்தாரிய கோயிலில் தலைகீழாக நிற்கும் ஆண், இருபக்கமும் தாங்கும் பெண்கள் என்று படங்களில் அடிக்கடி பார்க்கும் காட்சியும் இங்கேதான் இருக்கிறது.

இத்தனை சுவர் இருக்க ஏன் இந்த ஒரு சுவர்? கஜுராஹோ ஆய்வில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட தேவாங்கனா தேசாய் சொல்லும் விடை எனக்கு மிகவும் பிடித்தது. மகாமண்டபம் மனிதர் கூடும் இடம். கருவறை இறைவன் இருக்கும் இடம். இரண்டும் சேரும் மூட்டுக்குச் சந்தி என்று பெயர். சந்தி என்றால் சேர்க்கை. கட்டடத்தின் சேர்க்கையில் உடல்களின் சேர்க்கையைப் பொறித்து, உயிரும் இறையும் சேர்வதைச் சொல்வது ஒரு சிலேடை. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் பொருள் வைத்த காளமேகத்தின் மொழியில் வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது சிரமமே இல்லை. ஒரு பொருள் பாம்பு என்பதால் மறுபொருள் எள் இல்லாமல் போவதில்லை. அதுபோல, சுவரில் இருப்பது உடலின்பம்தான். அதே கல்லில் மற்றதும் இருக்கிறது. இரட்டுற மொழிதலில் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் படிப்பது பாட்டைக் கெடுப்பதாகும்.

சிலேடை அங்கே புதிதல்ல என்பதற்கு ஊர்ப் பெயரே சாட்சி. கஜுராஹோவின் பழைய பெயர் கர்ஜூரவாககம். கர்ஜூரம் என்றால் பேரீச்சை. தேள் என்றும் பொருள் உண்டு. ஊர் வாசலில் இரண்டு பொன் ஈச்ச மரங்கள் நின்றதாகச் சொல்வார்கள். சுவரிலோ, தொடைமேல் தேள் ஏற ஆடையை நழுவவிடும் பெண் உருவம் திரும்பத் திரும்ப வருகிறது. தேள் அங்கே காமத்தின் குறி.

ஒடிசாவைச் சேர்ந்த சில்பப் பிரகாசம் என்ற நூலில் இன்னொரு விளக்கம் கிடைக்கிறது. ராமச்சந்திர கௌலாசாரர் எழுதியதாகச் சொல்லப்படும் அந்த நூலை ஆலிஸ் போனரும் சதாசிவ ரத் சர்மாவும் 1966இல் பதிப்பித்தார்கள். காமமே உலகின் வேர், அதிலிருந்தே உயிர்கள் பிறக்கின்றன என்று சொல்லி, காமகலா யந்திரம் இல்லாத கோயில் கைவிடப்பட்ட இடம் என்று எச்சரிக்கிறது அது. அந்த யந்திரத்தைக் கோடுகளாகப் போட்டு, வெளியே தெரியாதபடி அதன்மேல் காமச் சிற்பத்தைச் செதுக்கி மறைக்கச் சொல்கிறது. பார்ப்பவர் சிற்பத்தைப் பார்த்து மகிழ்வார். அறிந்தவர் அடியில் உள்ள கோட்டைப் படிப்பார். தலைகீழ்க் காட்சியின் கை கால்களை இணைத்துக் கோடு போட்டால் முக்கோணங்கள் கிடைப்பதை தேசாய் காட்டுகிறார். அந்த நூலின் காலம் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஒடிசா நூலைச் சந்தேல நாட்டுக் கோயிலுக்குப் பொருத்துவதில் எச்சரிக்கையும் வேண்டும். யந்திர விளக்கத்தை நான் ஒரு நல்ல ஊகமாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன். சந்தியின் சிலேடை அப்படியல்ல. அதை மூன்று கோயில்களிலும் ஒரே இடத்தில் கண்ணால் காணலாம்.

அந்த அரசவை இப்படிச் சிந்தித்தது என்பதற்கு வெளியிலிருந்தும் ஒரு சான்று கிடைக்கிறது. கந்தாரிய கோயில் எழுந்து சில பத்தாண்டுகளுக்குப் பின், சந்தேல அரசன் கீர்த்திவர்மன் முன்னிலையில் கிருஷ்ணமிசிரரின் பிரபோதசந்திரோதயம் நாடகம் நடிக்கப்பட்டது. பின்னாளில் தமிழிலும் செய்யுளாக வந்த நாடகம் அது. அதன் பாத்திரங்கள் எல்லாம் கருத்துகள்: விவேகம் ஓர் அரசன், மோகம் அவன் பகைவன், காமனும் ரதியும் மோகத்தின் படையினர். பிரிந்துபோன தன் மனைவியோடு விவேகம் மீண்டும் சேர, ஞானோதயம் குழந்தையாகப் பிறக்கிறது. அந்த மனைவியின் பெயர் உபநிடதம். சேர்க்கையைத் தத்துவமாக்கிப் பேசுவது அந்த அவையில் எல்லோருக்கும் பழகிய மொழி. அதே நாடகம், சமயத்தின் பெயரால் கள்ளும் பெண்ணும் தேடும் காபாலிகர் என்ற தாந்திரிகத் துறவிகளைக் கடுமையாகக் கேலி செய்கிறது. இதையும் சேர்த்துப் பார்த்தால்தான், 'கஜுராஹோ தாந்திரிகர்களின் சடங்குக் கூடம்' என்ற எளிய முடிவிலிருந்து நாம் தப்புவோம்.

எல்லாமே தத்துவமல்ல

இலட்சுமணா கோயில் நிற்கும் உயர்ந்த மேடையைச் சுற்றி ஒரு சிற்பப் பட்டை ஓடுகிறது. படை போகிறது, யானை போகிறது, வேட்டை நடக்கிறது, இசைவாணர்கள் வாசிக்கிறார்கள். நடுவே கூட்டுப் புணர்ச்சி, விலங்கோடு புணர்ச்சி. இவற்றையும் பரமாத்ம ஜீவாத்ம ஐக்கியம் என்று விளக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது கல்லுக்குச் செய்யும் அநீதியாகப் படுகிறது. இந்தப் பட்டை மனிதன் நடக்கும் மட்டத்தில், தேவர்கள் நிற்கும் சுவருக்குப் பல அடி கீழே இருக்கிறது. உருவங்கள் சிறியவை. சுவரில் உள்ள அமைதியான முகங்கள் இங்கே இல்லை. இது உலகம்: போரும் வேட்டையும் வெறியும் உள்ள உலகம். அதற்கு மேலே படியேறித்தான் கோயிலுக்குள் போக வேண்டும். ஏளனமும் எச்சரிக்கையும் வேடிக்கையும் கலந்த ஒன்றை இங்கே செதுக்கியிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

அரசியலும் உண்டு. யசோவர்மன் பிரதிகாரப் பேரரசின் கீழிருந்து தலையெடுத்தவன். இலட்சுமணா கோயிலின் வைகுண்டநாதர் திருமேனியைப் பிரதிகார மன்னன் தேவபாலனிடமிருந்து பெற்றதாக அவன் கல்வெட்டே பெருமை பேசுகிறது. புதிதாக எழுந்த அரசுக்குப் பெரிய கோயில் வேண்டும், பெரிய கோயிலுக்கு வளத்தின் எல்லா அடையாளமும் நிறைந்து வழிய வேண்டும். 900க்கும் 1300க்கும் இடையில் மோதேரா, புவனேசுவரம், கோனார்க், கர்நாடகத்தின் பாகளி என்று இந்தியாவின் பல மூலைகளிலும் காமச் சிற்பம் பெருகியதற்கு இப்படிப்பட்ட குறுநில, பெருநில அரசவைகளின் செல்வமும் போட்டியும் ஒரு காரணம். சமய எல்லை இதற்குக் கிடையாது. கஜுராஹோவிலேயே பார்சுவநாதரின் சமணக் கோயில் சுவரில் மை தீட்டும் பெண்ணும் முள் எடுக்கும் பெண்ணும் அத்தனை அழகாக நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் போகக்கூடாது. இந்தப் பெண் உருவங்களைச் செய்வித்தவர்கள் ஆண்கள், பெரும்பாலும் செய்தவர்களும் ஆண்கள். சுரசுந்தரி எனப்படும் இந்தப் பெண் உருவம் வளத்தின் வடிவம்தான், தெய்வத்தின் ஏவல்மகள்தான். அதோடு அரண்மனையில் சேவை செய்த பெண்ணை ஆண் பார்த்த பார்வையும் அவள் இடுப்பு வளைவில் இருக்கிறது. சிலேடையின் இரண்டு பொருளையும் ஏற்பவர்கள் இந்த மூன்றாவதையும் ஏற்கத்தான் வேண்டும்.

"ஆசையை வெளியே விட்டுவிட்டு உள்ளே போ" என்ற விளக்கத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது. கந்தாரிய கோயிலின் உள்ளே இருக்கும் 226 உருவங்களில் இந்தச் சுரசுந்தரிகளும் உண்டு. வெளிச்சுவரில் அவர்கள் தேவர்களுக்குக் கீழே ஒதுக்கப்படவில்லை. தேவர்களோடு ஒரே வரிசையில், தோளுக்குத் தோளாக நிற்கிறார்கள். கழற்றி எறிய வேண்டிய செருப்பாகக் காமத்தை அந்தச் சிற்பி நினைக்கவில்லை.

கோனார்க் பற்றி ஒரு சொல். கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் சூரியனுக்கு எடுத்த அந்தக் கோயில் ஒரு தேர்: 24 சக்கரங்கள், 7 குதிரைகள். காமச் சிற்பங்கள் அங்கே கஜுராஹோவைவிட மிகுதி, வெளிப்படை. சக்கரத்து ஆரங்களின் வட்டப் பதக்கங்களில்கூட உண்டு. வெயிலும் பருவமும் விளைச்சலும் சூரியனுடையவை என்பதால் பொருள் தெளிவுதான். ஆனால் கருவறை விமானம் இடிந்து போய், எஞ்சிய மண்டபமும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணல் நிரப்பி அடைக்கப்பட்டதால், முழுக் கோயிலாக வைத்து இடம் பார்த்துப் படிக்கும் வாய்ப்பு அங்கே குறைந்துவிட்டது.

நம்மிடம் இருப்பது

கோனார்க் கல்லில் நின்றுவிட்ட தேர் என்றால், நம்முடையது மரத்தில் ஓடும் கோயில். சோழர் கோயில் சுவரில் இன்ன மாடத்தில் இன்ன தெய்வம் என்ற கட்டு இறுக்கமானது. தெற்கே தட்சிணாமூர்த்தி இருந்தாக வேண்டும். அங்கே மிதுன வரிசைக்கு இடமில்லை. நம்மிடம் அது தேர்ப் பலகையிலும் சில மண்டபத் தூண்களிலும் கோபுரத்துச் சுதை உருவங்களிலும் இடம்பிடித்தது. எல்லாம் ஊர் பார்க்கும் இடங்கள், ஊரார் கண்ணும் படும் இடங்கள். தாராசுரத்திலிருந்து தஞ்சாவூர்க் கலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் பிட்சாடனர் தொகுதியைப் பாருங்கள். பலி தேரும் பெருமானைக் கண்டு உடை நெகிழ நிற்கும் முனிபத்தினிகளின் முகத்தில் இருப்பது வேட்கையா பக்தியா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. சிற்பி பிரிக்க விரும்பவில்லை என்றே நினைக்கிறேன்.

தமிழில் காமம் என்ற சொல்லே முதலில் இழிசொல் அல்ல. "மலரினும் மெல்லிது காமம்" என்றது குறள். சோழர் காலக் கல்வெட்டுகள் அம்மன் சன்னிதியைத் 'திருக்காமக்கோட்டம்' என்றே குறிக்கின்றன. காஞ்சி காமாட்சியின் கையில் இருக்கும் கரும்பு வில்லும் மலரம்பும் மன்மதனுடைய ஆயுதங்கள். திருக்குறுக்கையில் சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரித்தார். அவன் வில்லை அம்மை எடுத்துக்கொண்டாள். ஆண்டாள் தை மாதம் முழுவதும் தரை மெழுகி மண்டலமிட்டு "அனங்க தேவா" என்று அவனையே கும்பிட்டாள், வேங்கடவனோடு சேர்த்துவை என்று. "உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன்" என்று தொடங்கிய திருமூலர், உடம்புக்குள்ளே உத்தமன் கோயில் கொண்டதைக் கண்டபின் அதை ஓம்புகிறேன் என்றார். மதுரையில் இன்றும் ஒவ்வோர் இரவும் சுந்தரேசுவரரின் பாதுகைகள் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகின்றன. பாட்டு உண்டு, பால் உண்டு, கதவு சாத்துவது உண்டு. நின்று சேவிப்பவர்களில் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. கஜுராஹோவில் கல்லில் உறைந்திருப்பது இங்கே தினம் நடக்கிறது.

மாணிக்கவாசகரின் திருக்கோவையாரைப் பற்றி ஒரு பழம்பாட்டு உண்டு. 400 பாடல்களும் அகத்துறை. தலைவன், தலைவி, தோழி, களவு, கற்பு. அந்த நூலை அந்தணர் வேதம் என்பர், யோகியர் ஆகமத்தின் காரணம் என்பர், "காமுகர் காமநன் னூலதென்பர்", தருக்கம் வல்லவர் தருக்கம் என்பர், புலவர் இலக்கணம் என்பர் என்று அது சொல்கிறது. காமுகரின் படிப்பைத் தவறு என்று அந்தப் பாட்டு தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். 'நன்னூல்' என்றே சொல்கிறது. கபிலிச் சுவருக்கு எழுதிய உரை போலவே எனக்கு இது படும்.

நவீனச் சட்டமும் இந்த இடத்தில் தடுமாறித் தெளிந்திருக்கிறது. ஆபாசப் பொருளைத் தண்டித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, கோயிலில் உள்ள சிற்பங்களுக்கும், தெய்வத் திருமேனிகள் எழுந்தருளும் தேரில் உள்ள சிற்பங்களுக்கும் விலக்கு அளித்தது. பின்னர் பழைய நினைவுச் சின்னங்களையும் சேர்த்துக்கொண்டது. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவிலும் அந்த விலக்கு தொடர்கிறது. காலனி ஆட்சியில் சட்டம் எழுதியவர்களுக்கும் நம் தேர்ப் பலகை கண்ணில் பட்டிருக்கிறது. உருவம் ஒன்றே ஆனாலும் இருக்கும் இடம் அதன் பொருளை மாற்றும் என்பதைச் சட்டம் தன் வறண்ட மொழியில் ஒப்புக்கொள்கிறது.

14ஆம் நூற்றாண்டில் கஜுராஹோவைப் பற்றி எழுதிய மொரோக்கோப் பயணி இபின் பதூதா, நீண்ட சடையும் நோன்பால் வெளிறிய உடலுமாக இருந்த யோகிகளை அங்கே குறிக்கிறார். இந்தச் சுவர்களின் நிழலில்தான் அவர்கள் தவம் இருந்தார்கள். இன்று மேற்குத் தொகுதியின் வேலிக்குள் இருக்கும் கோயில்களில் பூசை இல்லை. நுழைவுச்சீட்டும் காவலரும் உண்டு. ஆனால் வேலியை ஒட்டி வெளியே, இலட்சுமணா கோயிலின் பக்கத்திலேயே, மதங்கேசுவரர் இருக்கிறார். காலையும் மாலையும் மணி அடிக்கிறது. உள்ளே ஏறத்தாழ 2.5 மீட்டர் உயரத்தில், வழுவழுப்பான ஒரே இலிங்கம். மகாசிவராத்திரி அன்று சுற்றுவட்டாரக் கிராமங்கள் திரண்டு வந்து சிவனுக்கும் பார்வதிக்கும் அங்கே கல்யாணம் செய்து வைக்கின்றன. அந்தக் கோயிலின் சுவரில் மட்டும் ஒரு சிற்பமும் இல்லை.